ஏடும் குறியும்



நான் வாழும் இடம் சென்னையில் மயிலாப்பூரை அடுத்துள்ள மந்தைவெளி. இன்று அங்கே மந்தையும் இல்லை, வெளியும் இல்லை. வீடுகளும் கடைகளும் பேருந்துகளும் நெருங்கி நிற்கின்றன. பெயர் மட்டும் பழைய செய்தியைத் தாங்கி நிற்கிறது. ஆடுமாடுகள் மேய்ந்த ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பலருடைய மாடுகள் பகலில் ஒன்றாகக் கலந்து மேயும். மாலையில் அவற்றைப் பிரித்து ஓட்டிச் செல்ல வேண்டும். எது யாருடையது என்று அறிவது எப்படி? அதற்காகவே மாட்டின் உடலில் சூட்டுக்குறி இட்டார்கள். அந்தக் குறி மாட்டுக்கு அழகு சேர்ப்பதற்காக இட்டதன்று. ‘இது இன்னாருடையது’ என்று அறிவிப்பதற்காக இட்டது.

எழுத்தும் ஒரு வகையில் மந்தைதான். ஒரு நூலில் தலைப்பு உண்டு, மூலம் உண்டு, உரை உண்டு, மேற்கோள் உண்டு, அடிக்குறிப்பும் உண்டு. எல்லாம் ஒரே எழுத்தால் ஆனவை. ஒரே பக்கத்தில் கலந்து கிடப்பவை. எது எது என்று பிரித்தறியக் குறி வேண்டும். அந்தக் குறியின் வரலாற்றை, பனையோலை முதல் இன்றைய கணிப்பொறி வரையில், சுருக்கமாகச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம். வறண்ட பொருளாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் எண்ணியிருந்தேன். என் எண்ணத்தை மாற்றியவன் என்னிடம் படித்த ஒரு மாணவன். அவனுடைய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தமிழாசிரியனாகத் தொடங்கித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பின்னர்த் தமிழ் இலக்கண வரலாற்றைப் பற்றி எண்பது பக்க அளவில் ஒரு குறிப்புத் தொகுத்தேன். கணிப்பொறியில் நானே தட்டச்சுச் செய்தேன். ஒவ்வொரு தலைப்பையும் எழுத்தைப் பெரிதாக்கித் தடிப்பாக்கி நடுவில் நிறுத்தினேன். மேலும் கீழும் இடைவெளி விட்டேன். பார்ப்பதற்கு அச்சிட்ட நூலைப்போல இருந்தது. கேட்ட மாணவர்களுக்கெல்லாம் பெருமிதத்துடன் அனுப்பிவைத்தேன்.

ஒரு நாள் இரவு தொலைபேசி ஒலித்தது. பேசியவன் என் பழைய மாணவன். கல்லூரியில் தமிழ் பயில்பவன். பிறவியிலேயே பார்வை இழந்தவன். கணிப்பொறி திரையிலுள்ள எழுத்தைப் படித்துக் குரலாக ஒலிக்க, அதைக் கேட்டே அவன் படிப்பான்.

“ஐயா, தவறாக எண்ணாதீர்கள். உங்கள் குறிப்பில் தலைப்பு ஒன்றுகூட இல்லையே?” என்றான்.

எனக்கு வியப்பாக இருந்தது. “என்ன தம்பி சொல்கிறாய்? ஒவ்வொரு தலைப்பையும் பெரிய எழுத்தில் அல்லவா வைத்திருக்கிறேன்?” என்றேன்.

“பெரிய எழுத்து கண்ணுக்குத்தானே ஐயா தெரியும்? என் கணிப்பொறிக்கு அதுவும் ஒரு வரி. இதுவும் ஒரு வரி. முதற்பக்கத்தில் தொடங்கினால் எண்பதாம் பக்கம் வரையில் ஒரே ஓட்டமாகப் படித்துக்கொண்டு போகிறது. நாளை மறுநாள் தேர்வு. எழுத்ததிகாரம் எங்கே முடிகிறது, சொல்லதிகாரம் எங்கே தொடங்குகிறது என்று ஒரு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

நான் வாயடைத்துப்போனேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பில் நின்று பாடத்தைப் பகுத்துச் சொல்லக் கற்றவன் நான். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததே, பாடத்தைக் கூறு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் பெயர் கொடு என்பதுதான். அத்தகைய நான் கொடுத்த குறிப்பு, என் மாணவனுடைய காதில் பகுப்பே இல்லாத பழைய ஓலைச்சுவடியாக ஒலித்திருக்கிறது! இந்த எண்ணம் வந்ததும் அந்தப் பழைய சுவடிகளின் வரலாறும் உடன் நினைவுக்கு வந்தது.

பழைய ஏட்டுச்சுவடியை நீங்கள் பார்த்திருக்கலாம். சென்னை பெசன்ட் நகரில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் இருக்கிறது. 1943-ஆம் ஆண்டில் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் தோன்றியது. மந்தைவெளியிலிருந்து அங்கே செல்ல நெடுநேரம் ஆகாது. ஐயர் தேடிச் சேர்த்த சுவடிகள் அங்கே போற்றிக் காக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைக் கண்டால், ஓலையின் இடக்கோடி முதல் வலக்கோடி வரையில் எழுத்து இடைவெளியின்றி ஓடுவதைக் காணலாம். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே வெளி இராது. செய்யுளாயினும் அடியடியாகப் பிரித்து எழுதியிருக்கமாட்டார்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. கால் என்னும் குறியும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். மூலமும் உரையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்லும்.

ஆயினும், நம் முன்னோர் பகுப்பு அறியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். தொல்காப்பியச் செய்யுளியல், நூல் ஒன்றின் உறுப்புகளைத் தெளிவாக வரையறுக்கிறது. ஒரு பொருளைச் சுருங்கச் சொல்வது சூத்திரம். ஓரினமான செய்திகளை, மணிகளைக் கோத்தாற்போல முறையாக அடுக்குவது ஓத்து. பல இனங்களைப் பொதுவாகத் தழுவிச் செல்வது படலம். இம்மூன்று உறுப்பையும் தன்னுள் அடக்கியது பிண்டம். தொல்காப்பியமே இதற்குச் சான்றாக நிற்கிறது. அதில் 3 அதிகாரங்கள். ஒவ்வொன்றிலும் 9 இயல்கள். ஆக 27 இயல்கள். திருக்குறளை எடுத்துக்கொண்டால் 3 பால், 133 அதிகாரம், 1330 குறள். ஒன்றினுள் ஒன்று அடங்கும் இந்த அமைப்பு, பேழைக்குள் பேழை வைத்தாற்போன்றது. நூலின் பகுப்பு ஆசிரியன் உள்ளத்தில் இருந்தது. மாணவன் நினைவில் இருந்தது. ஓலையின்மேல் கண்ணுக்குத் தெரியும் குறியாக மட்டும் அது மிகுதியாக இடம்பெறவில்லை.

மிகுதியாக என்றேனே தவிர, முற்றிலும் இல்லை என்று சொல்லவில்லை. உரையாசிரியர்களைப் பயின்றவர்கள் ‘இ-ள்’, ‘எ-று’ என்னும் இரண்டு சிறு குறிகளை அறிவார்கள். ‘இ-ள்’ என்பது ‘இதன் பொருள்’ என்பதன் சுருக்கம். ‘எ-று’ என்பது ‘என்றவாறு’ என்பதன் சுருக்கம். மூலம் முடிந்து பொருள் தொடங்கும் இடத்தில் முதற்குறி நிற்கும். பொருள் முடியும் இடத்தில் இரண்டாங்குறி நிற்கும். ஒன்று கதவைத் திறக்கிறது. மற்றொன்று கதவைச் சாத்துகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது மூலமன்று, விளக்கவுரை என்பது படிப்பவனுக்கு ஐயமின்றித் தெரிகிறது. அதற்குப் பின் வருவன விசேடவுரையும் இலக்கணக் குறிப்பும் ஆகும்.

கணக்கேடுகளிலும் சாசனங்களிலும் வேறொரு வகைக் குறியைக் காண்கிறோம். ஆண்டு, மாதம், நாள் என்பவற்றுக்குத் தமிழில் தனித்தனிக் குறியீடு உண்டு. வரவு, பற்று, மேற்படி, ரூபாய் என்பவற்றுக்கும் உண்டு. எண்ணுக்கு அருகே ௵ என்ற குறி நின்றால் அந்த எண் ஆண்டைக் குறிக்கும். ௳ என்ற குறி நின்றால் அதே எண் நாளைக் குறிக்கும். எண்ணின் உருவம் மாறவில்லை; அது எதைக் குறிக்கிறது என்பதைப் பக்கத்தில் நிற்கும் குறி சொல்லிவிடுகிறது. கணக்குப்பிள்ளை கணக்கு எழுதும்போது அழகைக் கருதி இதை இடவில்லை. ஆண்டை நாளாகப் படித்துவிட்டால் நிலம் போய்விடும் அல்லவா?

இனி அச்சுக் காலத்துக்கு வருவோம். 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழ் எழுத்தில் அச்சாயிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு அச்சுக்கூடம் நடத்தினார். 1747-இல் மறைந்த வீரமாமுனிவர், எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவ வேறுபாடு காட்டி எழுத்தின் மயக்கத்தை நீக்கினார். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1849-இல் வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். தமிழ் உரைநடையில் நிறுத்தக்குறிகளை முறையாக வழங்கிய முன்னோடிகளுள் அவர் தலைசிறந்தவர். எழுத்தின் மயக்கம் ஒருபுறம் தீர்ந்தது. வாக்கியத்தின் மயக்கம் மற்றொருபுறம் தீர்ந்தது. நூலின் உறுப்புகளைப் பற்றிய மயக்கத்தைத் தீர்க்கும் பெரும்பணி இன்னும் எஞ்சி நின்றது.

அப்பணியைச் செய்தவர்கள் சி. வை. தாமோதரம் பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஆவர். 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்திருக்கிறீரா என்று ஐயரைக் கேட்டார். அக்கேள்வியே ஐயரின் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. ஏழு ஆண்டுகள் உழைத்து 1887-இல் அந்நூலை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சிட்டார். அந்த ஏழு ஆண்டுகளில் அவர் செய்த வேலைகளுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறேன்.

நச்சினார்க்கினியர் தம் உரையில் பிற நூல்களிலிருந்து ஏராளமான மேற்கோள்களைக் காட்டுகிறார். ஆனால் அவை எந்த நூலைச் சார்ந்தவை என்று பெரும்பாலும் சொல்வதில்லை. ஏட்டில் மேற்கோள் தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் குறி கிடையாது. ஐயர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். இவை எந்நூலின் அடிகள் என்று தேடினார். அவ்வாறு தேடிச் சென்றபோதுதான் எட்டுத்தொகை முதலிய சங்க நூல்களின் சுவடிகள் அவர் கைக்கு எட்டின. பின்னர் 1889-இல் பத்துப்பாட்டும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும், 1898-இல் மணிமேகலையும் வெளிவந்தன. ஓர் உரையில் எது மேற்கோள், எது உரையாசிரியர் சொந்தச் சொல் என்று பிரித்துக் காண முயன்ற முயற்சியே, ஓர் இலக்கியக் கருவூலத்தின் கதவைத் தட்டியது என்று சொல்லலாம். ஐயரின் பதிப்புகளைப் புரட்டிப் பாருங்கள். மூலம் ஓரளவு எழுத்து. உரை மற்றோரளவு எழுத்து. பிரதிபேதம் பக்கத்தின் அடியில். அரும்பத அகராதி நூலின் இறுதியில். ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய இடத்தில் தனக்குரிய அடையாளத்துடன் வீற்றிருக்கும்.

அச்சுக்கூடத்தில் அந்நாளில் ஒரு வழக்கம் இருந்தது. ஆசிரியர் அனுப்பும் கையெழுத்துப் படியில், அச்சுக் கோப்பவருக்குக் கட்டளைகளைப் பதிப்பாளர் ஓரத்தில் எழுதுவார். ‘இதைப் பெரிய எழுத்தில் கோக்க’, ‘இதை நடுவில் அமைக்க’ என்பன போன்ற கட்டளைகள் அவை. ஆங்கில அச்சுக்கூடங்களில் இதனை ‘மார்க்கப்’ என்றார்கள். குறியிடுதல் என்று நாம் தமிழில் சொல்லலாம். கணிப்பொறி வந்தபோது இந்தக் கட்டளைகளும் அதனுள் புகுந்தன. தொடக்கத்தில் அவை எல்லாம் தோற்றத்தைப் பற்றிய கட்டளைகளாகவே இருந்தன.

1967-ஆம் ஆண்டில் வில்லியம் டன்னிகிளிஃப் என்பவர் கனடா நாட்டு அரசாங்க அச்சகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில் புதிய கருத்து ஒன்றை எடுத்துரைத்தார். நூலில் அடங்கிய செய்தியை அதன் தோற்றத்திலிருந்து பிரித்துவிட வேண்டும் என்பதே அக்கருத்து. 1969-இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்டுஃபார்ப், எட்வர்டு மோஷர், ரேமண்டு லோரி என்னும் மூவர் வழக்கறிஞர் அலுவலகங்களுக்கான ஓர் ஏற்பாட்டை ஆராய்ந்தனர். கோல்டுஃபார்ப் தாமே சட்டம் பயின்றவர். சட்ட ஆவணத்தைத் திருத்துவதற்கு ஒரு நிரல். தேடுவதற்கு மற்றொரு நிரல். அச்சிடுவதற்கு வேறொரு நிரல். மூன்றும் ஒன்றன் மொழியை ஒன்று அறியாதவை. ஒரே ஆவணத்தை மூன்றும் புரிந்துகொள்ள வேண்டுமானால் என்ன செய்வது? ‘இதைப் பெரிதாக்கு’ என்ற கட்டளை தேடும் நிரலுக்குப் பயன்படாது. ‘இது தலைப்பு’, ‘இது பத்தி’, ‘இது அடிக்குறிப்பு’ என்று பொருளைச் சொல்லிவிட்டால், ஒவ்வொரு நிரலும் தன் தேவைக்கேற்ப அதனைப் பயன்படுத்திக்கொள்ளும். இந்த எண்ணத்திலிருந்து ‘ஜி.எம்.எல்.’ என்னும் குறிமொழி பிறந்தது. அம்மூன்று எழுத்துகளும் மூவர் பெயரின் தலையெழுத்துகளாகவும் அமைந்தன. அது வளர்ந்து, 1986-இல் ‘எஸ்.ஜி.எம்.எல்.’ என்ற பெயரில் உலகத் தரமாக ஏற்கப்பட்டது. அதன் வழியில் தோன்றியதே இணையப் பக்கங்களை எழுதும் ‘எச்.டி.எம்.எல்.’ ஆகும். 1998-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ‘எக்ஸ்.எம்.எல்.’ என்னும் எளிய வடிவம் வெளியாயிற்று.

இக்குறிமொழியின் அமைப்பு மிக எளிது. ஒவ்வோர் உறுப்புக்கும் முன்னே திறக்கும் குறி ஒன்று. பின்னே மூடும் குறி ஒன்று. இரண்டுக்கும் நடுவே செய்தி நிற்கும். ‘இ-ள்’ என்று திறந்து ‘எ-று’ என்று மூடிய நம் உரையாசிரியர்கள் இதைக் கண்டால் புதுமை என்று வியந்திருக்கமாட்டார்கள். கணிப்பொறியை நம் முன்னோர் முன்பே அறிந்திருந்தனர் என்று நான் பெருமை பேசவில்லை; அத்தகைய பேச்சு மாணவர்களுக்கு நன்மை தராது. ஒரே தேவை இரண்டு காலத்து அறிஞர்களை ஒரே வழியில் நடத்தியது என்பதே நான் சொல்ல வருவது.

நீங்கள் நாள்தோறும் கட்டுரை எழுதும் சொற்செயலியில் இது எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நீங்கள் சேமிக்கும் ‘டாக்எக்ஸ்’ என்னும் கோப்பு உண்மையில் ஒரு சுருக்கிய பெட்டி. அதனைத் திறந்து பார்த்தால் உள்ளே எக்ஸ்.எம்.எல். குறியிட்ட ஏடுகள் பல இருக்கும். ‘ஓடிஎஃப்’ என்னும் திறந்த வடிவமும் அத்தகையதே. அது 2006-இல் உலகத் தரமாயிற்று. டாக்எக்ஸ் அமைந்துள்ள வடிவம் 2008-இல் அந்நிலையை அடைந்தது. ஆகவே நீங்கள் அறிந்தாலும் அறியாவிட்டாலும் நாள்தோறும் குறியிட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். எந்தக் குறியை இடுகிறீர்கள் என்பதுதான் கேள்வி.

ஒரு வரியைத் தெரிந்தெடுத்து எழுத்தைப் பெரிதாக்கினால், ‘இது பெரிய எழுத்து’ என்ற குறியே உள்ளே பதிகிறது. அதே வரிக்கு ‘ஸ்டைல்’ என்னும் பட்டியலிலிருந்து ‘முதல் நிலைத் தலைப்பு’ என்ற பெயரைக் கொடுத்தால், ‘இது தலைப்பு’ என்ற குறி பதிகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். பயனில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. திருக்குறளைத் தட்டச்சுச் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாலுக்கு முதல் நிலைத் தலைப்பு. அதிகாரத்துக்கு இரண்டாம் நிலைத் தலைப்பு என்று பெயரிட்டால், 133 அதிகாரங்களுக்கும் பக்க எண்ணுடன் பொருளடக்கத்தைக் கணிப்பொறியே அமைத்துக் கொடுக்கும். தலைப்பின் எழுத்து பிடிக்கவில்லையா? ஓரிடத்தில் மாற்றினால் 133 இடத்திலும் மாறும். கையால் பெரிதாக்கியிருந்தால் 133 முறை மாற்ற வேண்டும். அவற்றுள் ஒன்றிரண்டு விடுபடவும் செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்வையற்ற மாணவன் ஒரு விசையைத் தட்டித் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிச் செல்வான். நாம் கண்ணால் பக்கங்களைப் புரட்டுவதுபோல அவன் காதால் புரட்டுவான்.

தமிழ் நூல்கள் கணிப்பொறியில் ஏறிய வரலாற்றையும் இங்கே சேர்த்துப் பார்ப்பது தகும். 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பல தோன்றின. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் ஆக்கிய எழுத்துரு ஒன்றின் பெயர் ‘மயிலை’. எங்கள் பகுதியினர் செவிக்கு இனிக்கும் பெயர்! அவருடைய தலைமையில் 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் திருநாளில் மதுரைத் திட்டம் தொடங்கியது. உலகின் பல நாடுகளிலிருந்து தமிழன்பர்கள் ஊதியம் கருதாமல் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சுச் செய்து, யாவரும் இலவசமாகப் படிக்க இணையத்தில் ஏற்றினர். ஆனால் அக்காலத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்திருந்தது. ஒன்றில் எழுதியது மற்றொன்றில் பொருளற்ற கிறுக்கலாகத் தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய ‘தமிழ்நெட் 99’ மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது. மதுரைத் திட்டத்தின் நூல்களும் யூனிகோடு வடிவம் பெற்றன. வீரமாமுனிவர் ஓலையின் எழுத்து மயக்கத்தைத் தீர்த்ததுபோல, கணிப்பொறியின் எழுத்து மயக்கத்தை இந்த ஏற்பாடு தீர்த்தது. அதன் பிறகு எஞ்சியது ஐயர் காலத்தில் எஞ்சியதே: எது மூலம், எது உரை, எது மேற்கோள் என்று உறுப்புகளுக்குக் குறியிடும் பணி.

இதற்கெனவே அறிஞர்கள் 1987-இல் ‘டி.இ.ஐ.’ என்னும் உலகளாவிய முயற்சியைத் தொடங்கினர். இலக்கிய நூல்களுக்கும் சுவடிகளுக்கும் உரிய குறிகளை அது வகுத்தளிக்கிறது. செய்யுளுக்கு ஒரு குறி. அடிக்கு ஒரு குறி. பாடபேதத்துக்கு ஒரு குறி. ஏடு சிதைந்து எழுத்து மறைந்த இடத்துக்கும் ஒரு குறி. சிதைந்த இடத்தைத் தம் கருத்தால் நிரப்பிவிட்டு அதை மறைத்துவிடாமல், ‘இது பதிப்பாசிரியர் நிரப்பியது’ என்று நேர்மையாக அறிவிக்கவும் குறி உண்டு. பதிப்பாசிரியருக்குரிய அறமே அங்கு ஒரு குறியாகிவிட்டது எனலாம்.

இம்முறையில் குறையே இல்லையா? உண்டு. பேழைக்குள் பேழை என்று முன்பு சொன்னேன். ஒரு பேழை மற்றொன்றினுள் முழுதும் அடங்க வேண்டும். பாதி உள்ளும் பாதி வெளியும் நிற்க முடியாது. இது எக்ஸ்.எம்.எல். விதி. ஆனால் தமிழ்ச் செய்யுளில் வகையுளி என்று ஒன்று உண்டு. ஓசை நோக்கி ஒரு சொல்லைப் பிளந்து, பாதியை ஒரு சீரிலும் மீதியை அடுத்த சீரிலும் வைப்பது அது. சீருக்கு ஒரு குறியும் சொல்லுக்கு ஒரு குறியும் இட்டால் இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். 1950-களில் மர்ரே எஸ். ராஜம் பழந்தமிழ் நூல்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாக வெளியிட்டபோதும், சொல்லைக் காட்டுவதா சீரைக் காட்டுவதா என்ற இந்தக் கேள்வி எழவே செய்தது. பொதுமக்கள் எளிதில் படிக்கச் சொல்லைக் காட்டுவது என்ற வழியை அவர் தெரிந்துகொண்டார். எந்த உறுப்பை முதன்மையாகக் கொள்வது என்பதைப் பொறி முடிவு செய்யாது. படித்தவன்தான் முடிவு செய்ய வேண்டும். தவறாக இட்ட குறி, குறியில்லாமையைவிடத் தீமை தரும். மேற்கோளை மூலம் என்று குறித்துவிட்டால் பின்வருவோர் அனைவரும் வழிதவறுவர்.

என் மாணவனிடம் திரும்பி வருகிறேன். அன்றிரவு என் குறிப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு தலைப்புக்கும் நிலையறிந்து பெயரிடத் தொடங்கினேன். அப்போது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. சில தலைப்புகள் எந்த நிலையைச் சேர்ந்தவை என்று எனக்கே விளங்கவில்லை. ‘உரையாசிரியர்கள்’ என்ற பகுதி, தொல்காப்பியத்தின் கீழ் அடங்குமா, தனியே நிற்குமா? ‘நன்னூல்’ என்று தலைப்பிட்ட இடத்தில் பாதிச் செய்தி வீரசோழியத்தைப் பற்றியதாக இருந்தது. பெரிய எழுத்தும் தடித்த எழுத்தும் என் சிந்தனையிலிருந்த குழப்பத்தை இத்தனை நாளும் மூடி மறைத்திருந்தன. பெயரிட வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் குழப்பம் வெளிப்பட்டது. பொழுது புலரும் வரையில் திருத்தினேன். சில பத்திகளை இடம் மாற்றினேன், சிலவற்றை நீக்கினேன்.

காலையில் அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவன் பேசினான். “ஐயா, இப்போது சொல்லதிகாரத்துக்கு மூன்றே தட்டில் வந்துவிட்டேன்” என்றான். அந்த ஒரு வாக்கியம், என் ஆசிரிய வாழ்க்கையில் நான் பெற்ற பாராட்டுகள் பலவற்றினும் உயர்ந்தது. ஆயினும் அதனோடு ஒரு வருத்தமும் கலந்தே இருந்தது. அந்தக் குறிப்பை அதற்கு முன் எத்தனையோ பேருக்கு அனுப்பியிருந்தேன். கேட்கத் துணிந்தவன் இவன் ஒருவன். கேட்காமலே தேடிக் களைத்தவர்கள் எத்தனை பேரோ?

மாணவ நண்பர்களே! அடுத்த முறை நீங்கள் கட்டுரை எழுதும்போது, ஒரு வரியைத் தடிப்பாக்குவதற்கு முன்னர்ச் சிறிது நில்லுங்கள். ‘இது என்ன? தலைப்பா, மேற்கோளா, எடுத்துக்காட்டா?’ என்று உங்களையே கேளுங்கள். விடை கிடைத்ததும் அந்தப் பெயரைக் கொடுங்கள். தோற்றத்தைப் பின்னர் எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம். நாம் எழுதுவதைப் படிப்பவர்களுள் கண்ணில்லாதவர் இருக்கலாம். நூறாண்டு கழித்துத் தேடப்போகும் ஆராய்ச்சியாளர் இருக்கலாம். ஓர் ஐயர் ஏழாண்டு உழைத்துப் பிரித்தெடுக்க வேண்டியவாறு நம் எழுத்தை அவர்களிடம் விட்டுச் செல்லலாகாது. மாலையில் மந்தை கலைந்து வீடு திரும்பும்போது, ஒவ்வொரு மாடும் தன் தொழுவத்தைச் சேர வேண்டும் அல்லவா? அதற்குரிய குறியைக் காலையிலேயே இட்டுவிடுவது மேய்ப்பவன் கடமை.